செருப்பைக் கழற்ற இடமில்லாத தரை

டெல்மா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் மட்டக்களப்பு நகரில் ஓர் இரும்புக் கடையில் குழாய் வெட்டுவித்துக்கொண்டு நின்றேன். வெட்டும் மெஷினின் சத்தத்தில் முதல் இரண்டு அழைப்புகளும் கேட்கவில்லை. மூன்றாவதை எடுத்தேன். அவருடைய தங்கை ஜெனி அக்கா.

"சுதன், குழாய் வாங்காத. திரும்பி வா."

"ஏன்கா, அளவு மாறிற்றா?"

அவருக்குப் பின்னால் ஆஸ்பத்திரி வார்டின் இரைச்சல் கேட்டது. அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது.

குழாயை வாங்கிக்கொண்டுதான் போனேன். வெட்டிய குழாயைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார். அதைவிட, அந்தக் குழாய்க்காக வந்தாறுமூலையில் ஒரு மனிதர் ஆறு வாரமாகக் காத்திருந்தார். டெல்மா அக்கா உயிரோடு இருந்து, வேறு யாரோ இறந்திருந்தாலும், "குழாயக் கொண்டுவந்து வச்சுட்டுச் செத்த வீட்டுக்குப் போ" என்றுதான் சொல்லியிருப்பார்.

முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சிறிய நினைவு நூல் அச்சிடுகிறோம், நீயும் எழுது என்று ஜெனி அக்கா கேட்டார். "நல்லதா நாலு வார்த்தை எழுது" என்றார். "நல்லதா எழுத ஏலாக்கா. உள்ளத எழுதுறன்" என்றேன். "அவ இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பா. எழுது" என்றார். ஆகவே இதில் டெல்மா அக்கா தியாகச் சுடராகவோ அன்பின் திருவுருவாகவோ வரமாட்டார். அவர் நன்றாக ஏசுவார். ஒரு வேலையைப் பிழையாகச் செய்தால் அதைப் பற்றி மூன்று நாள் பேசுவார். அவரைப் போல மதிக்கத்தக்க இன்னொரு மனிதரை இந்த மாவட்டத்தில் நான் கண்டதில்லை.

இந்த நூல் கைக்குக் கிடைக்கும் எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. தன்னாமுனையில் வாவிக்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், வீட்டோடு ஒட்டிய கராஜ் ஒன்றில், டெல்மா அக்கா பதினெட்டு வருடம் ஸ்கூட்டர்களுக்குப் பக்கச் சில்லுப் பூட்டினார். கால் இழந்தவர்களும் போலியோ வந்தவர்களும் ஓட்டக்கூடியதாக ஸ்கூட்டரின் பின்பக்கம் இரண்டு சில்லுகளைச் சேர்த்து, பிரேக்கைக் கைக்கு மாற்றிக் கொடுப்பதே அவருடைய தொழில். கராஜ் அவருடைய தகப்பன் தன் பழைய காருக்காகக் கட்டியது. கார் சண்டைக் காலத்தில் போய்விட்டது. கராஜ் மிஞ்சியது. போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கிக் குடும்பம், பரம்பரையாக இரும்பும் மரமும் தட்டியவர்கள். அக்காவும் தங்கையும் சண்டை பிடிக்கும்போது மட்டும் தங்கள் பறங்கிப் பாஷைக்கு மாறுவார்கள். எனக்கு விளங்கக்கூடாது என்பதற்காக.

டெல்மா அக்காவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பதினான்கு வயதில் மிதிவெடி. அதைப் பற்றி அவர் எவரிடமும் ஒரே வார்த்தைகளைத்தான் சொல்வார்: "விறகுக்குப் போனன். காலக் குடுத்துட்டு வந்தன். விறகும் இல்ல." கேட்டவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டால், "சிரிங்க, நான் சிரிக்கத்தான் சொன்னநான்" என்பார்.

நான் அந்தக் கராஜுக்கு முதலில் போனது வேலை தேடி அல்ல, படம் எடுக்க. அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். பயனாளி சிரிக்கும் படம் இரண்டு, கஷ்டப்படும் படம் இரண்டு வேண்டும். டெல்மா அக்கா ஒரு சில்லுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி எடுக்கப் போறீங்க?"

"நீங்க வேலை செய்யிறத மிஸ்."

"வேலை கையில கிடக்கு. நீங்க கமராவ முழங்காலுக்குக் கீழ பிடிக்கிறீங்க."

அன்று நான் எடுத்த படங்களை நிறுவனத்துக்கு அனுப்பவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த வேலையையும் விட்டுவிட்டு அதே கராஜுக்குப் போனேன். தொழில்நுட்பக் கல்லூரியில் வெல்டிங் படித்திருந்தேன் என்று சொல்லி வேலை கேட்டேன். "வேலை கிடக்கு. பரிதாபம் கொஞ்சம் கொண்டுவந்திருப்பாய், அத அந்த மாமரத்துக்குக் கீழ வச்சுட்டு வா" என்றார்.

இனித் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த எழுத்தே அதைப் பற்றியதுதான்.

கராஜின் நிலம் பழைய சீமெந்து. ஒரு மாரியில் வாவி ஒழுங்கைக்குள் ஏறி, கராஜுக்குள் நான்கு நாள் தண்ணீர் நின்றது. வற்றியபோது நிலம் வெடித்திருந்தது. வெடிப்பிலெல்லாம் பாசி. வெயில் காலத்திலும் உப்புத் தண்ணீர் கீழிருந்து கசிந்து நிலம் வியர்த்தபடி இருக்கும். அதன் மேல் எண்ணெய். நானே இரண்டு முறை விழுந்தேன். எனக்கு இரண்டு காலும் இருக்கிறது. எங்களிடம் வருகிறவர்கள் ஊன்றுகோலோடும் பொய்க்காலோடும் வருகிறவர்கள். ஆகவே வாடிக்கையாளரை ஒழுங்கையிலேயே நிறுத்தி, ஸ்கூட்டரை வெளியே தள்ளிக்கொண்டு போய் அளவெடுத்தோம். டெல்மா அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "ஆஸ்பத்திரிலயும் வெளிய நிக்கினம், கந்தோரிலயும் வெளிய நிக்கினம். என்ர கராஜுக்கும் வெளியதான் நிக்கிறதா?" என்றார். அவர்கள் தங்கள் காலில் நடந்து உள்ளே வந்து, தங்கள் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

செய்தி எப்படியோ நகரத்துப் பெரியவர் ஒருவரின் காதுக்குப் போய்விட்டது. காரில் வந்தார். வெள்ளை டைல்ஸ் தன் செலவில் பதித்துத் தருவதாகவும், வாசலில் பெயர்ப் பலகை ஒன்று வைத்தால் போதும் என்றும், திறப்பு விழாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம் என்றும் சொன்னார். ஒரு மாதிரி டைல்ஸும் கொண்டுவந்திருந்தார். முகம் தெரிகிற பளபளப்பு. டெல்மா அக்கா அதை நிலத்தில் வைத்தார், ஒரு கோப்பைத் தண்ணீரை அதில் ஊற்றினார், தன் ஊன்றுகோலைப் பெரியவரிடம் நீட்டினார்.

"ஐயா, ஒருக்கா இதில ஏறி நிண்டு காட்டுங்க."

"எனக்கென்னத்துக்கு மிஸ்? இது உங்கட ஆக்களுக்கு."

"அதுதான் ஐயா. எங்கட ஆக்கள் ஏறுறதுக்கு முதல் பெயர்ப் பலகைக்காரர் ஏறிப் பாக்க வேணும்."

பெரியவர் ஏறவில்லை. டைல்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

நமது ஊரில் நடக்க முடியாதவர்களுக்கென்று கட்டப்படும் கட்டடங்களை ஒரு நாள் போய்ப் பாருங்கள். வாசலில் சாய்தளம் இருக்கும். அதன் மேல் பளிங்கு போல டைல்ஸ் பதித்திருப்பார்கள். மழைக்கு அதில் ஆடுகூட நிற்காது. உதவிப் பணத்துக்குக் கையெழுத்துப் போடும் மேசை மேல் மாடியில் இருக்கும். அப்படி ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் டெல்மா அக்கா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியதை நான் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். மேலே போனதும் அந்த உத்தியோகத்தர் அன்பாக, "உங்களுக்கு விசேட தேவை ஏதும் இருக்கா?" என்று கேட்டார். "விசேடமா ஒண்டும் வேணாம் சேர். வழுக்காத நிலம் வேணும்" என்றார் அக்கா. உத்தியோகத்தர் அதை எங்கும் எழுதிக்கொள்ளவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கொளுவுகிற தட்டுகளைப் பற்றி ஜெனி அக்காதான் முதலில் சொன்னார். நான்கு பக்கமும் கொளுக்கி உள்ள பிளாஸ்டிக் தட்டுகள். ஒன்றோடொன்றைக் கொளுவி, கையால் ஓர் அடி அடித்தால் பொருந்திவிடும். சீமெந்து வேண்டாம், மேசன் வேண்டாம். வெள்ளம் வந்தால் கழற்றி அடுக்கலாம்; வற்றியதும் கழுவித் திரும்பவும் கொளுவலாம். வாவிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? நகரத்தில் ஒரு கடையில் இருந்தது. டெல்மா அக்காவும் நானும் போனோம்.

கடைக்காரர் நல்ல மனிதர். "வீட்டுக்கா மிஸ், வாகனத்துக்கா?" என்று கேட்டார்.

"ஆக்களுக்கு. நாலு விதம் இருந்தா நாலையும் நிலத்தில வைங்க. ஒரு வாளி தண்ணி, கொஞ்சம் சவர்க்காரம், கொஞ்சம் எண்ணெய்."

"எண்ணெய் என்னத்துக்கு மிஸ்?"

"சமைக்க இல்ல."

முதலாவது, பஞ்சு மாதிரி மெத்தென்ற தட்டு. காலுக்குச் சுகம். ஆனால் ஊன்றுகோலின் நுனி அதற்குள் புதைந்து, எடுக்கும்போது கூடவே தட்டையும் இழுத்தது. இரண்டாவது, வழவழப்பானது. மூன்றாவது, சல்லடை போல ஓட்டைகள் உள்ளது, தண்ணீர் நிற்காது. ஊன்றுகோல் நுனி அந்த ஓட்டையில் சிக்குமா என்று அக்கா ஐம்பது தடவையாவது குத்திப் பார்த்தார். ஐம்பத்தோராவது தடவை சிக்கியது. நான்காவது, சட்டைப் பொத்தான் அளவுக்குப் புள்ளி புள்ளியாக மேடு எழுந்த கடினமான தட்டு.

வழவழப்பானதில் எண்ணெயை ஊற்றி அக்கா ஏறியபோது கடைக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"மிஸ், மிஸ், விழுந்திடுவீங்க!"

"விழத்தான் வந்திருக்கன். இஞ்ச விழுந்தா நீங்க தூக்குவீங்க. அங்க விழுந்தா ஆர் தூக்குற?"

விழுந்தார். நானும் கடைக்காரரும் தூக்கினோம். பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இது வேணாம்" என்றார், தேநீரில் சீனி வேண்டாம் என்பதைப் போல. பிறகு புள்ளித் தட்டில் ஏறி, எண்ணெயோடும் சவர்க்காரத்தோடும், பொய்க்காலோடும் ஊன்றுகோலோடும், முன்னும் பின்னும் நடந்தார். ஒரு ஸ்கூட்டரைக் கொண்டுவரச் சொல்லி அதன் ஸ்டாண்டை அதன் மேல் நிறுத்தி அரை மணித்தியாலம் விட்டு, பள்ளம் விழுகிறதா என்று தடவிப் பார்த்தார். கடைக்கு வந்த சனம் வேடிக்கை பார்த்தது. அவர் வெட்கப்படவில்லை. தனக்குத் தேவையான பொருளை அவ்வளவு தீவிரமாகச் சோதித்து வாங்கும் உரிமை ஓர் ஏழைக்கு உண்டு என்பதை அன்றுதான் நான் கண்ணால் கண்டேன். நமக்குத் தருவதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லத்தான் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள்.

"இதுதான். கறுப்பு" என்றார் அக்கா. அந்த அளவுக்குக் கறுப்புக் கையிருப்பில் இல்லை. பத்து நாளில் வரும் என்றார் கடைக்காரர். அந்தப் பத்து நாளும் அக்கா புதிய பொய்க்கால் பொருத்துவதற்காக வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. "நீ போய் எடுத்து விரிச்சு வை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் போனேன். கறுப்பு வந்திருந்தது. பக்கத்தில், அதே அச்சில், அதே புள்ளிகளோடு, கிரீம் நிறத் தட்டும் வந்திருந்தது. மங்கலான பளிங்குக் கோடுகள் ஓடின. பெரிய வீட்டு விறாந்தை மாதிரி இருந்தது. எனக்குள் கோபம் வந்தது. எங்கட ஆக்களுக்கென்றால் மட்டும் ஏன் கறுப்பு? ஏன் எப்போதும் ஊத்தை தெரியாத நிறம், மலிவான துணி, மிஞ்சிய கட்டில்? பெரியவரின் கார் நிற்கிற இடம் பளிங்காக இருக்கும்போது பனிச்சங்கேணியிலிருந்து வருகிற மீன்பிடிக்காரனுக்கு ஏன் பளிங்கு இருக்கக் கூடாது? வழுக்காது என்பதைத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன். வழுக்கவில்லை. கிரீமையே எடுத்தேன். கராஜ் முழுவதும் விரித்தேன். சுவர் ஓரத்தில் வெயிலுக்கு விரிவதற்கு ஒரு விரல் இடைவெளிகூட விட்டேன். அழகாக இருந்தது.

அக்கா திரும்பி வந்து வாசலில் நின்று பார்த்தார். "வடிவாக் கிடக்கு" என்றார். ஏசவில்லை. என் நெஞ்சு நிமிர்ந்தது.

அடுத்த நாளிலிருந்து வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கின.

நமது சனத்துக்குப் பளிங்கு மாபிள் பதித்த நிலம் என்றால் வீடு. வீடு என்றால் செருப்பைக் கழற்ற வேண்டும். அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. உதிரிச் சாமான் கொண்டுவந்தவர், பில்லோடு வந்தவர், வழி கேட்க வந்தவர், எல்லோரும் தட்டின் விளிம்பில் செருப்பை விட்டுவிட்டு, இரும்புத் தூள் கிடக்கும் வேலைத்தளத்துக்குள் வெறுங்காலோடு நடந்தார்கள். நான் அதை மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

நான்காவது நாள் பனிச்சங்கேணியிலிருந்து கணபதி அண்ணன் தன் ஸ்கூட்டரை எடுக்க வந்தார். வாவியில் தோணியில் இருந்து வலை வீசுகிறவர். வலது கால் பொய்க்கால். அந்தக் காலின் செருப்பு வாரும் ஆணியுமாக இறுக்கிப் பூட்டியது. கழற்றுவதென்றால் ஒருவர் குந்தியிருந்து உதவ வேண்டும். ஆகவே அவர், மரியாதைக்காக, நல்ல காலின் செருப்பை மட்டும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே ஏறினார். இப்போது ஒரு கால் உயரம், மற்றது பள்ளம். மூன்றாவது அடியில் பொய்க்காலின் நுனி ஒரு தட்டின் விளிம்பில் தட்டியது. முன்னுக்கு விழுந்தார். கையை ஊன்றினார். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அவரைத் தூக்கியபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "தட்டு உடைஞ்சு போச்சா?" என்பதுதான். ஒரு கொளுக்கி உடைந்திருந்தது.

"ஏனண்ணன் செருப்பக் கழட்டினீங்க?" என்று நான் கத்தினேன்.

"மாபிள் போட்ட இடத்தில செருப்போட ஏறுறதா தம்பி? நாங்க அப்பிடி வளந்த ஆக்கள் இல்ல."

அது இறால் படுகிற காலம். அவருடைய வீட்டில் அந்த வருடத்துக்கான சோறு அந்த இரண்டு மாதத்தில்தான் இருக்கிறது. வலை வீசுகிற கை மாவுக்கட்டுக்குள் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் பனிச்சங்கேணிக்குப் போனார். நான் வழியெல்லாம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வசனம் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே போனதும் கண் கலங்கி, "என்ர பிழைதான் அண்ணன்" என்று தொடங்கினேன். அக்கா முழங்கையால் இடித்தார்.

"அவருக்கு உன்ர அழுகையால என்ன பிரயோசனம்? கணபதி அண்ணன், இவன் உங்கட தோணில வருவான். வலை வீசத் தெரியாது. வீசிப் பழகட்டும். கை ஆறும் மட்டும் இவன்ர கை உங்கட கை."

"ஐயோ வேணாம் மிஸ், படிச்ச பொடியன்."

"படிச்சவன்தான் மாபிள் போட்டவன்."

அந்தப் பருவம் முழுவதும் நான் பனிச்சங்கேணியில் தங்கி வலை வீசினேன். முதல் வாரம் இறாலைவிடப் பாசிதான் அதிகம் அள்ளினேன். கணபதி அண்ணன் தோணியில் உட்கார்ந்தபடி, "தம்பி, நீங்க வலைய வீசல்ல, உடுப்புக் காயப் போடுறீங்க" என்று சிரிப்பார். மூன்றாவது வாரத்தில் அவர்கள் வீட்டுச் சோற்றுக்குப் போதுமான அளவு பட்டது. உள்ளங்கைத் தோல் உரிந்து இறுகியது. என்னைத் தண்டித்தார் என்று சிலர் சொன்னார்கள். இல்லை. ஒரு வீட்டின் வருமானம் நின்றுபோயிருந்தது, கை சும்மா இருந்த ஒருவன் அகப்பட்டான். அக்காவின் கணக்கு அதுதான்.

திரும்பி வந்தபோது கராஜ் வாசலில் ஒரு பலகை தொங்கியது: "செருப்போடு உள்ளே வரவும்." அக்காவே எழுதியது. அதன் கீழே ஒன்பது சோடிச் செருப்பு.

"வாசிக்கிறாங்க மனே. வடிவா வாசிச்சுப் போட்டுக் கழட்டுறாங்க" என்றார் அக்கா. "ஒருத்தர் சொல்றார், நீங்க பெரிய மனசில சொல்லுறீங்க மிஸ், நாங்க எங்கட மரியாதைய விடலாமா எண்டு."

நான் அவரிடம், அப்போது நீங்கள் கறுப்பைச் சொன்னது இதை யோசித்துத்தானா என்று கேட்டேன். அவர் நினைத்திருந்தால் ஓம் என்று சொல்லியிருக்கலாம். "இல்லடா. எண்ணெய் தெரியாதெண்டு சொன்னநான். வடிவாக் கிடக்கக்க நானும்தான் சந்தோசப்பட்டன். செருப்ப ஆர் யோசிச்ச?" என்றார். தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாத மனிதர்களை நான் விரலில் எண்ணிவிடுவேன். அதில் முதல் விரல் அவர்.

வாசல் பக்கம் நான்கு வரிசைக்கு மட்டும் கறுப்பைப் போடுவோம், உள்ளே கிரீம் இருக்கட்டும் என்றேன் நான். ஒரே அச்சு, கறுப்பும் கிரீமும் ஒன்றோடொன்று கொளுவும். போட்டுப் பார்த்தோம். சனம் கறுப்பில் செருப்போடு ஏறியது. கறுப்பு முடிந்து கிரீம் தொடங்குகிற இடத்தில் நின்று, குனிந்து, கழற்றியது. இப்போது செருப்புகள் கராஜின் நடுவில் கிடந்து எல்லோருக்கும் தடக்கின.

அக்கா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே அரை நாள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கோடு இருக்கிறபடியால்தான் கழட்டுறாங்க. கோட்ட எடு" என்றார்.

"எப்பிடிக்கா எடுக்கிற?"

"கலந்து விடு. ஒண்டு கறுப்பு, ஒண்டு கிரீம். ஒழுங்கையில இருந்து பின் சுவர் மட்டும். எங்க வீடு தொடங்குது எண்டு ஒருத்தருக்கும் தெரியப்படாது."

பாதிக் கிரீமைக் கழற்றிக் கழுவிக் கடைக்குக் கொண்டுபோனோம். தன் கடையில் விழுந்து எழும்பிய பெண்ணை அந்த மனிதர் மறந்திருக்கவில்லை. கறுப்பாக மாற்றித் தந்தார். இரண்டு நாள் இருவருமாகக் கொளுவினோம். கடைசித் தட்டுகளை அக்கா வாசலுக்கு வெளியே, ஒழுங்கையின் மணலுக்குள்ளேயே இரண்டடி நீட்டிப் போட்டார். முதலில் வந்தவர் ஒரு தபால்காரர். அவர் தட்டுகளின் மேல் நின்று, செருப்பைக் கழற்றுவதற்கு இடம் தேடினார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டிருந்தார். செருப்போடு வந்து கடிதத்தைத் தந்துவிட்டுப் போனார். டெல்மா அக்கா அன்று சிரித்த சிரிப்பு ஒழுங்கை முனைவரை கேட்டிருக்கும். "பலகையக் கழட்டு. இனி நிலம் சொல்லும்" என்றார்.

அதற்குப் பிறகு அந்தத் தரையில் யாரும் விழவில்லை. இப்படி ஒரு வசனத்தை மாவட்டத்தில் எத்தனை கட்டடங்களைப் பற்றி எழுத முடியும் என்று யோசியுங்கள்.

அவருடைய பிடிவாதத்தையும் சொல்லத்தான் வேண்டும். அது அவரைக் கொன்றதில் பங்கெடுத்தது. காய்ச்சல் தொடங்கி மூன்று நாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தார். வந்தாறுமூலைக்காரரின் பிரேக் முடியட்டும் என்றார். நானும் ஜெனி அக்காவும் கத்தினோம். "காய்ச்சல் என்ன, காலையா எடுக்கப் போகுது? அதுதான் ஏற்கெனவே போயிற்றே" என்றார். நான்காம் நாள் தூக்கிக்கொண்டுதான் போனோம். டெங்கு. வயது நாற்பத்தேழு. மற்றவர்கள் விழக்கூடாதென்று ஒவ்வொரு தட்டையும் சோதித்த பெண், தன் உடம்பை ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை. இதற்காக அவரோடு எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

பிரேதத்தைக் கராஜுக்குள் வைப்பது என்று ஜெனி அக்கா சொன்னபோது உறவுக்காரர் ஒருவர் சத்தம் போட்டார்.

"கராஜுக்குள்ளயா? சனம் என்ன சொல்லும்? வீடு இருக்கக்க?"

"வீட்டுக்கு மூண்டு படி கிடக்கு மாமா. அவட ஆக்கள் எப்பிடி ஏறுவாங்க?"

ஸ்கூட்டர்களை வெளியே தள்ளி, நடுவில் பெட்டியை வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். வெள்ளை உடுப்பு உடுத்தி, பொய்க்காலைப் பூட்டி, இரண்டு காலுக்கும் செருப்பைப் போட்டு ஜெனி அக்கா அவரைக் கிடத்தியிருந்தார்.

பிற்பகல் ஒழுங்கை நிறைந்தது. பக்கச் சில்லுப் பூட்டிய ஸ்கூட்டர்கள் வீதி வரைக்கும் நின்றன. எத்தனையை நான் வெல்டிங்கில் ஒட்டினேன், எத்தனையை அவர் ஒட்டினார் என்று பார்வையிலேயே தெரிந்தது. அவருடைய ஒட்டு என்னுடையதைவிட மெல்லியது. ஆனால் யாரும் உள்ளே ஏறவில்லை. செத்த வீடு. செத்த வீட்டுக்குள் யார் செருப்போடு போவது? ஊன்றுகோல்களோடு அவர்கள் மணலில் நின்று, கழற்றுவதற்கு ஒரு கோட்டைத் தேடினார்கள். கோடு இல்லை. ஒரு பெண் குனிந்து வாரை அவிழ்க்கத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற ஒருவரும் குனிந்தார். கழற்றாதீர்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. செத்த வீட்டில் எப்படிக் கத்துவது?

அப்போது கணபதி அண்ணன் வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கினார். சற்றே வளைந்து பொருந்திய அந்த மணிக்கட்டோடு ஊன்றுகோலைப் பிடித்தபடி முன்னுக்கு வந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கை பழக்கத்தில் நல்ல காலின் செருப்பை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. நிமிர்ந்தார்.

"கழட்டினா எழும்பி வந்து ஏசுவா" என்றார்.

இரண்டு செருப்போடும் கறுப்பில் ஒரு அடி, கிரீமில் ஒரு அடி என்று பெட்டி வரைக்கும் நடந்தார். பின்னால் மற்றவர்கள் எல்லோரும் நடந்தார்கள். ஒருவரும் விழவில்லை.

என்னிடம் அவருடையதாக இருப்பவை இரண்டு. ஒன்று, கொளுக்கி உடைந்த அந்தக் கிரீம் தட்டு. வெல்டிங் மேசையில், கையுறைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நான் கோபப்பட்டு ஒருவருக்கு நல்லது செய்யப் புறப்படும்போது அது கண்ணில் பட வேண்டும். மற்றது அவருடைய ஊன்றுகோல்.

வந்தாறுமூலைக்காரரின் ஸ்கூட்டர் முடிந்துவிட்டது. நாளை எடுக்க வருகிறார். இந்தக் கராஜுக்கு அவர் உள்ளே வருவது இதுதான் முதல் தடவை. இன்று காலை வாசல் வரிசையில் சவர்க்காரத் தண்ணீரையும் எண்ணெயையும் ஊற்றி, ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த ஊன்றுகோலோடு பின் சுவர் வரை நடந்து பார்த்தேன். ஒரு தட்டு சற்று எழும்பியிருந்தது. அடித்து இறக்கிவிட்டேன்.